மலைக்கு மேலே ஒரு சங்கம்: சேர்வராயனில் மாற்றுத்திறனாளிகளின் உரிமையும் உதவியும்

சேர்வராயன் மலையில் பிறந்த மாற்றுத்திறனாளி ஒருவர் சட்டம் தனக்குத் தருவதை முழுமையாகக் கேட்டு வாங்க இரண்டு சான்றிதழ்கள் வேண்டும். ஒன்று, அவர் மலையாளிப் பழங்குடி என்பதற்கு. மற்றொன்று, அவருடைய குறைபாடு நூற்றுக்கு எத்தனை என்பதற்கு. முதலாவதில் கையெழுத்திடுபவர் வருவாய்க் கோட்டாட்சியர், இரண்டாவதில் அரசு மருத்துவர். இரண்டு கையெழுத்துக்கும் கீழே, சேலத்துக்கு இறங்க வேண்டும்.

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளில் செம்மநத்தமும் ஒன்று. அங்கிருந்து முதலில் ஏற்காட்டுக்கு வரவேண்டும். பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்கும் பாதையும் உண்டு. சுற்றுலா வருபவர்கள் அந்த வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். மூளை முடக்குவாதம் உள்ள எட்டு வயதுப் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்வதே வேலை. கழுத்து நிற்காத பிள்ளை, பேருந்து சாயும் பக்கமெல்லாம் சாயும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புக்கு ஒரு பிரிவு, கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மனநலத்துக்கு ஒன்று. காது கேட்கும் அளவைச் சோதிக்கவேண்டும், அறிவுத்திறன் அளக்கவேண்டும் என்றால் ஒரே நாளில் முடியும் என்று சொல்ல முடியாது. போய்வர இரண்டு பேரின் கூலி போகும். காப்பிப் பழம் பறிக்கும் பருவமாக இருந்தால் அந்தக் கூலியைத்தான் குடும்பம் நம்பியிருக்கும்.

இந்தக் கட்டுரையின் வாதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடந்த முப்பது ஆண்டுகளில் சட்டம் வளர்ந்திருக்கிறது, உதவித்தொகை, போதாது என்றாலும், வளர்ந்திருக்கிறது, கருவிகளும் வந்திருக்கின்றன. வளராமல் இருப்பது மலைக்கு மேலேயே குடியிருந்து வேலை செய்யும் ஆட்களும், மாற்றுத்திறனாளிகள் தாங்களே நடத்தும் சங்கமும்தான். இவை இரண்டும் இல்லாத இடத்தில் எந்தத் திட்டமும் அடிவாரத்தோடு நின்றுவிடும்.

முதலில் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 2.68 கோடிப் பேர், அதாவது 2.21 விழுக்காட்டினர், மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் 11.79 லட்சம், மக்கள்தொகையில் 1.6 விழுக்காடு. உலக சுகாதார நிறுவனமோ 2022 அறிக்கையில் உலக மக்களில் 16 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க குறைபாடு உண்டு என்கிறது. பத்து மடங்கு இடைவெளி. தமிழர்கள் அவ்வளவு திடகாத்திரமானவர்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் காரணம் வேறு. நம் கணக்கெடுப்பு ‘வீட்டில் யாருக்காவது ஊனம் உண்டா’ என்ற தோரணையில் கேட்கிறது. வயதாகிக் காது மந்தமானவரையும், தண்டுவட வலியோடு தோட்ட வேலைக்குப் போகிறவரையும், பத்து ஆண்டுகளாக யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும் வீட்டார் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கல்யாண வயதில் மகள் இருந்தால் மகனுக்கு வலிப்பு என்பதைச் சொல்லமாட்டார்கள். மலையில் இது இன்னும் கூடுதல்: கொத்தும் கையுமாகக் காட்டுக்குப் போய்வரும் வரை ஒருவர் ஊராருக்கு ‘நல்லா இருக்கிறவர்’தான்.

‘மலைக் கிராமத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்’ என்று கீழே உள்ளவர்கள் சொல்வதுண்டு. பாதி உண்மை. சேர்வராயன் மலையாளிகளிடம் நாடு, ஊர், ஊர்த்தலைவர் என்ற பழைய அமைப்பு இருந்தது. மலை மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்ததை ஆங்கிலேயர் காலப் பதிவுகள் சொல்கின்றன. திருவிழாவுக்கு வரி போடவும் தகராறு தீர்க்கவும் கல்யாணம் பேசவும் அந்த அமைப்புக்குத் தெரியும். நடக்கமுடியாதவருக்கு ஒரு வாய் சோறு ஊரில் கிடைக்காமல் போகாது. அவரைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவதும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப்போடுவதும், அவர் பெயரில் விண்ணப்பம் எழுதுவதும் ஊரின் வேலையாக இல்லை. அது ஒரு வீட்டின் வேலை. வீட்டுக்குள்ளும் ஒரு பெண்ணின் வேலை. தாய், அவள் காலத்துக்குப் பின் அக்கா அல்லது அண்ணி. சமூக ஆதரவு என்று நாம் பெருமையாகச் சொல்வதன் பெரும்பகுதி இந்தப் பெண்களின் கூலியில்லா உழைப்பு என்பதை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை.

மனநோய் என்றால் நிலைமை இன்னும் மோசம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்காவுக்கு அருகே மனநோயாளிகள் விடுதி ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்ட குடும்பங்களைத் திட்டுவது எளிது. பக்கத்தில் மருந்து கொடுப்பவர் யாரும் இல்லாததால்தான் பலர் தர்காவுக்கும் கோயிலுக்கும் போனார்கள். பின்னாளில் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தைக் கிராமம் கிராமமாக ஓட்டி, அதற்குள் இருந்த திரை வழியாகச் சென்னை மருத்துவரைப் பார்க்கவைத்தது. மலைக்கு ஏற்ற யோசனை இது. பேருந்து போகமுடிகிற சாலை இருந்தால் போதும்.

கருவிகளின் கதையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். கான்பூரில் 1972-ல் தொடங்கிய அலிம்கோ என்ற மத்திய அரசு நிறுவனம் செய்யும் மூன்று சக்கர வண்டியும் சக்கர நாற்காலியும்தான் முகாம்களில் அதிகம் கிடைப்பவை. சமதளத்தில் நன்றாக ஓடும். காப்பித் தோட்டத்துக்கு நடுவே, மழைநீர் அரித்த சரிவில், வேர் புடைத்த ஒற்றையடிப் பாதையில் சக்கர நாற்காலியை வைத்தால் முன்சக்கரம் இரண்டும் முதல் கல்லிலேயே திரும்பிக்கொள்ளும். பின்னால் பிடிப்பவர் பலசாலி இல்லையென்றால் இறக்கத்தில் நாற்காலி அவரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்படிப்பட்ட வீட்டில் நாற்காலி மிளகு மூட்டை வைக்கும் இடமாக மாறினால் அது பயனாளியின் நன்றிகெட்டதனம் ஆகாது. ஜெய்ப்பூரில் 1968-ல் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞரும் பி.கே. சேத்தி என்ற மருத்துவரும் சேர்ந்து செய்த செயற்கைக் கால் ஏன் நிலைத்தது? வெறுங்காலோடு நடக்க, சம்மணமிட, குந்த, சேற்றில் இறங்க அது இடம்கொடுத்தது. பயன்படுத்தப்போகிறவர் எங்கே நடக்கிறார் என்று முதலில் பார்த்தார்கள். மலைக்கு என்ன நாற்காலி, எத்தனை அகலச் சக்கரம், எந்த இடத்தில் கைப்பிடிக் கம்பி என்பதை மலையில் இருப்பவர்தான் சொல்லமுடியும். நாடு முழுக்க ஒரே அச்சில் செய்த நாற்காலி அந்தக் கேள்வியையே கேட்பதில்லை.

சட்டத்தைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. 1995-ல் முதல் சட்டம், 7 வகைக் குறைபாடுகள். ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் வந்தது. இந்தியா அடுத்த ஆண்டே ஏற்புறுதி செய்தது. அதன்படி 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 21 வகைகள். அரிவாள்செல் ரத்தசோகை, தலசீமியா போன்றவையும் பட்டியலில் சேர்ந்தன. பழங்குடிப் பகுதிகளுக்கு இது முக்கியம். எல்லோரும் பேசுவது அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பற்றி. ஒரு மலை ஊராட்சிக்கு அதைவிடப் பயன்படுபவை யாரும் அதிகம் படிக்காத இரண்டு பிரிவுகள். 24-வது பிரிவு, மற்றவர்களுக்கான திட்டத்தில் தருவதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தரவேண்டும் என்கிறது. 37-வது பிரிவு, வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் நில ஒதுக்கீட்டிலும் 5 விழுக்காட்டை அவர்களுக்கென ஒதுக்கச் சொல்கிறது, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமையோடு. கிராமசபையில் எழுந்து ‘நம்ம ஊராட்சிக்கு வந்த வீடுகளில் அந்த 5 விழுக்காடு எங்கே?’ என்று கேட்க ஒருவர் இருந்தால் இந்தப் பிரிவுக்கு உயிர் வரும்.

பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். 2012 முதல் அதே 300. அதுவும் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடும் வறுமைக்கோட்டுச் சான்றும் இருந்தால்தான். இன்றைய விலையில் ஒருவரை மருத்துவமனைக்கு ஒருமுறை அழைத்துப்போய்வர அது காணாது. மீதியை மாநிலம் போடுகிறது. தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழியாக வரும் தொகை 2023 ஜனவரி முதல் 1,000-லிருந்து 1,500 ஆனது. கடும் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு போன்றவற்றுக்குப் பராமரிப்புத் தொகை 2,000. ஆந்திரத்தில் 2024 ஜூலையில் 6,000 ஆக்கினார்கள். அன்றிலிருந்து தமிழ்நாட்டுப் போராட்ட மேடைகளில் எல்லாம் அந்த எண்தான். நியாயமான ஒப்பீடு. ஒரே ரயில் பாதையில் அடுத்த மாநிலம், அதே அரிசி, அதே விலை.

இந்த உயர்வுகள் தானாக வரவில்லை. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்ற நீண்ட பெயர் கொண்ட அமைப்பு 2010 வாக்கில் உருவானது. பெயரில் ‘பாதுகாப்போர்’ இருப்பதைக் கவனியுங்கள்; பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் இறங்கும் அந்தத் தாயும் உறுப்பினர்தான். அவர்களுடைய அடையாளமான போராட்ட வடிவம் ‘குடியேறும் போராட்டம்’. வட்டாட்சியர் அலுவலக வளாகத்தில் பாயும் தட்டும் சமையல் பாத்திரமுமாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஊன்றுகோலோடு வந்தவரை, கண் தெரியாதவரை, நாற்காலியில் இருப்பவரைத் தூக்கிப் போலீஸ் வேனில் ஏற்றுவது எந்த அரசுக்கும் அழகில்லை என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். டிசம்பர் 3 இயக்கம் போன்ற மற்ற அமைப்புகளும் சென்னையில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நூறு நாள் வேலையில் 4 மணி நேரம் வேலை, முழுக் கூலி, தனியாக நீல நிற அட்டை என்ற ஏற்பாடு கிடைத்தது இப்படித்தான். குடிக்கத் தண்ணீர் கொடுப்பது, மற்ற பெண்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, கன்றுகளுக்கு நீர் ஊற்றுவது போன்ற வேலைகள். பல ஊர்களில் ஒருவர் தன் பெயரில் வாங்கிய முதல் கூலி அது. வீட்டில் அவருக்கு இருந்த இடத்தையே அந்தக் கூலி மாற்றியது என்று சங்கக்காரர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

நீதிமன்ற வழியும் உண்டு. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-ல் தொடுத்த வழக்கில், பொது இடங்களின் அணுகல்தன்மை அரசின் விருப்பத்துக்கு விட்ட காரியமல்ல, கட்டாயமாக்கப்படவேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னது. சென்னையில் தாழ்தளப் பேருந்துக்காகப் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். அந்தப் பேருந்துகள் இப்போது நகரத்தில் ஓடுகின்றன. மலைக்கு ஓடும் பேருந்தின் படி இன்னும் முழங்கால் உயரத்தில்தான். பிரசாரமும் வழக்கும் யார் வந்து கலந்துகொள்ள முடிகிறதோ அவர்களுடைய தேவையை நோக்கியே சாய்கின்றன. இதில் சங்கங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வராதவர் சார்பில் எவ்வளவுதான் கேட்கமுடியும்?

சேலம் மாவட்டம் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் மாரியப்பன் தங்கவேலு. பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். மூன்று பாராலிம்பிக்கில் மூன்று பதக்கம். பாராட்டுக்கு எல்லையே இல்லை. ஆனால் அந்தப் புகழ்ச்சியோடு ‘முயன்றால் முடியாதது உண்டா’ என்ற உபதேசமும் மற்ற மாற்றுத்திறனாளிகளின் தலையில் இறங்கிவிடுகிறது. அவருடைய தாய் காய்கறி விற்றுப் பிள்ளையை வளர்த்தார், வைத்தியத்துக்குக் கடன் வாங்கினார் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் கதை முழுமையாகும்.

மாற்றுத்திறனாளிகள் தாங்களே சங்கம் அமைத்து வென்ற இடங்கள் உலகில் உண்டு. மெக்சிகோவின் சியெரா மாத்ரே மலைத்தொடரில் அஹோயா என்று ஒரு சிற்றூர். 1980-களின் தொடக்கத்தில் அங்கே புரோஹிமோ என்ற மறுவாழ்வு மையம் தொடங்கியது. நடத்தியவர்கள் ஊரின் மாற்றுத்திறனாளி இளைஞர்களே. மரத்திலும் பழைய சைக்கிள் உதிரிகளிலும் நாற்காலி செய்தார்கள். சரிவுக்கு ஏற்றபடி, தாழ்வாக, அகலச் சக்கரத்தோடு. அவர்களோடு இருந்த டேவிட் வெர்னர் அந்த அனுபவத்தை 1987-ல் பெரிய புத்தகமாக்கினார். ஓலைக்குடிசையில் என்ன உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கலாம் என்பதுவரை அதில் படம் போட்டிருக்கும். சமூகம் சார்ந்த மறுவாழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அஹோயா ஒரு படி மேலே போய், மறுவாழ்வு தருபவரும் பெறுபவரும் ஒருவரே என்று காட்டியது.

நம்மிடமும் உண்டு. வேலூரில் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அவர் முயற்சியில் அங்கே மறுவாழ்வு மையம் திறந்தது. மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவர்களுக்கு இன்றும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் முகவரி அது. மிளகு பறிக்க ஏணி வைத்து மரம் ஏறும் மலைக்கு இது அந்நியமான செய்தியல்ல. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்னொன்று. பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது 1975-ல் கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். தன்னைப் பார்த்துக்கொண்ட ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார். அங்கே கவனிக்கவேண்டியது பெரிய கட்டடங்களை அல்ல. சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்பும் முறையைத்தான். கையில் ஒரு கைபேசி. இயன்முறை மருத்துவர் தொலைவில் இருந்து அதன்வழி வழிகாட்டுவார். தாயின் முன்னால் பிள்ளையின் காலைப் பிடித்து நீட்டிக் காட்டுவது அதே ஊர்ப் பெண். அவள் பேச்சைத் தாய் கேட்பாள். மாலையில் குழாயடியில் பார்த்து, ‘இன்னைக்குச் செஞ்சியா அக்கா?’ என்று கேட்கவும் அவளால்தான் முடியும்.

அரசு இதைக் கற்றுக்கொள்ளாமல் இல்லை. 2005-ல் உலக வங்கிக் கடனோடு வந்த புதுவாழ்வுத் திட்டம், கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் கொடுத்து, அவர்களுக்கென்று தனிச் சுயஉதவிக் குழுக்களையும் அமைத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளிக்கு வரமுடியாத பிள்ளைகளை வீட்டில் வந்து பார்க்கிறார்கள். 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 1.27 லட்சம் மாற்றுத்திறனாளிகளுக்கு ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்குப் போகிறது. 2022 ஜூனில் உலக வங்கி 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் தந்த தமிழ்நாடு உரிமைகள் திட்டம் இவை எல்லாவற்றிலும் பெரியது: வீடு வீடாகக் கணக்கெடுப்பு, களப்பணியாளர்கள், ‘விழுதுகள்’ என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள். அடிவாரத்துக்கு இறங்கிப்போகும் பாதையைத் தலைகீழாகத் திருப்ப முயலும் முதல் பெரிய ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். சான்றிதழ் முகாமை மருத்துவமனையில் நடத்தாமல் ஏற்காட்டிலும், முடிந்தால் ஒவ்வொரு ஊராட்சியிலும், காப்பிப் பருவம் தவிர்த்த மாதங்களில் நடத்துவதில் தொடங்கலாம்.

அரசியல் பக்கத்திலும் ஒரு கதவு திறந்தது. 2025 ஏப்ரல் 16 அன்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிமுகம் செய்த திருத்தங்களின்படி, உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்கள் ஆவார்கள்: கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388, மாவட்ட ஊராட்சிகளில் 37, நகர்ப்புறத்தில் ஏறத்தாழ 650. சத்தீஸ்கரில் ஊராட்சிகளுக்கு இப்படி ஒரு சட்டம் முன்பே இருந்தது. இவ்வளவு பெரிய எண்ணிக்கை புதிது. ஆனால் சேலம் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-லேயே முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போயிருந்தது. மன்றமே கூடாத ஊராட்சியில் நியமன உறுப்பினர் எங்கே உட்காருவார்? நகரங்களில் உடனே விண்ணப்பம் வாங்கினார்கள், கிராமம் காத்திருந்தது.

நியமனம் என்ற முறையிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. யாரை நியமிப்பது என்பதை மேலே உள்ளவர்கள் முடிவுசெய்தால், தலைவருக்கு வேண்டியவர், பேசாமல் கையெழுத்துப் போடுபவர் வரும் அபாயம் இருக்கிறது. ஊரில் பத்துப் பேர் கொண்ட சங்கம் ஒன்று முன்பே இருந்தால் அவர்கள் ஒரு பெயரைச் சொல்வார்கள். பின்னர் கணக்கும் கேட்பார்கள். செம்மநத்தம் போன்ற ஊராட்சியில் பத்துப் பேர் சேர்வது கடினமல்ல. குக்கிராமங்கள் மலையில் சிதறிக் கிடப்பதால் சந்திப்பதுதான் கடினம். மாதம் ஒருமுறை, ரேஷன் போடும் நாளில், அங்கன்வாடியில் கூடினால் போதும். சங்கம் என்பதற்குப் பதிவு எண்ணும் முத்திரையும் பிறகு வரட்டும்.

களப்பணியாளர் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கவேண்டும். பள்ளிகளின் சிறப்புப் பயிற்றுநர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் வேலை பார்த்து, பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் நின்றவர்கள். இருபது குக்கிராமங்களுக்கு ஒருவர், பேருந்துச் செலவு சொந்தப் பணம் என்றால் எத்தனை காலம் தாங்குவார்? கீழிருந்து ஆள் போட்டால் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். மலையாளி இளம்பெண்களுக்கு, அவர்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து, பயிற்சி தந்து அங்கேயே வேலை கொடுக்கவேண்டும். உரிமைகள் திட்டம் ஆறு ஆண்டுத் திட்டம். கடன் காலம் முடிந்த மாதத்தில் அந்தப் பெண்ணின் சம்பளம் மாநில நிதிநிலை அறிக்கையில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதை இப்போதே அரசிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது சங்கங்களின் அடுத்த வேலை.